வதந்தியைப் பிள்ளைகளே பிடிக்கணும்: 9-ஆம் வகுப்புக்கு எப்படிச் சொல்லித் தருவது?

குடியாத்தம்_சமூகஅறிவியல் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். குடியாத்தம் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி, 9-ஆம் வகுப்பு, 38 பிள்ளைகள். பொய்ச் செய்தியை இனம்காணப் பழக்குவதற்கென்றே வாரத்துக்கு ஒரு பீரியட், 40 நிமிஷம், ஒதுக்கியாச்சு. ஹைடெக் லேப் இருக்கு, ஆனா நெட் வந்தா உண்டு, இல்லன்னா இல்லை. வகுப்பில் யார் கையிலும் போன் கிடையாது. வீட்டுக்குப் போனால் அம்மா போனும் அண்ணன் போனும் இவங்க கையில்தான்.

தேடினால் கிடைக்கிற பட்டியல் எல்லாமே ஒரே மாதிரி இருக்கு. எழுத்துப்பிழை இருக்கா, ஆச்சரியக்குறி நிறைய இருக்கா, "உடனே பகிரவும்" என்று போட்டிருக்கா, இவ்வளவுதான். இப்போ சுத்துற பொய்க் கார்டுகளில் தமிழ் சுத்தமா இருக்கு, சேனல் லோகோ அச்சு அசலா இருக்கு. இந்தப் பட்டியலை நடத்த மனசே வரல.

எங்க பக்கம் திரும்பத் திரும்ப வருவது மூணு சங்கதி: மழை லீவு கார்டு, பிள்ளை பிடிக்கிற கும்பல் வீடியோ, கேன்சருக்கு இலவச மருந்து. இதை வைத்தே நடத்தலாமா? எதில் ஆரம்பிப்பது, எத்தனை வகுப்பு வேணும், நெட் இல்லாத நாளில் என்ன செய்வது, கடைசியில் பிள்ளைகளுக்குப் பிடிபட்டதா என்று எப்படித் தெரிஞ்சுக்கிறது? விவரமா சொல்லுங்க.

---

சரிபார்ப்பு_மேசை எழுதியது:

டீச்சர், அந்தப் பட்டியலை ஒதுக்கியது சரியான முடிவு. அது வந்த செய்தியையே உற்றுப் பார்க்கச் சொல்கிறது. பொய்க் கார்டு செய்கிறவருக்கும் அதே பட்டியல் தெரியும்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 45 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். வரலாற்று அறிஞர்கள் 10 பேர், செய்தி சரிபார்ப்பையே தொழிலாகக் கொண்டவர்கள் 10 பேர், அந்தப் பல்கலைக்கழக மாணவர்கள் 25 பேர். முன்பின் தெரியாத இணையதளத்தைக் காட்டி, நம்பலாமா என்று கேட்டார்கள். மாணவர்களும், அறிஞர்களில் பலரும் அந்தப் பக்கத்துக்குள்ளேயே மேலும் கீழும் படித்தார்கள். நல்ல வடிவமைப்புக்கும் கம்பீரமான பெயருக்கும் ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் கொஞ்ச நேரத்திலேயே அந்தப் பக்கத்தை விட்டு வெளியே வந்து, புது டேப் திறந்து, இதை நடத்துகிறவர்கள் யார், மற்றவர்கள் இவர்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். இதைப் பக்கவாட்டு வாசிப்பு என்கிறார்கள். அதே குழு 2019-ல் 3,446 அமெரிக்கப் பள்ளி மாணவர்களிடம் தேர்தல் மோசடி என்று ஒரு வீடியோவைக் கொடுத்தது. அது ரஷ்யாவில் எடுத்தது. ஆனால் 52 சதவீதம் பேர் அமெரிக்கத் தேர்தல் மோசடிக்கு வலுவான ஆதாரம் என்று எழுதினார்கள். நெட் கையில் இருந்தும், அது எங்கே எடுத்தது என்று தேடிக் கண்டுபிடித்தவர்கள் 3 பேர்தான்.

அதனால் முதல் வகுப்பில் மூன்று கேள்வி போதும். இதைச் சொல்கிறவர் யார்? அவர் காட்டும் ஆதாரம் என்ன? இதைப் பற்றி வேறு யார் என்ன சொல்கிறார்கள்? கரும்பலகையின் ஓரத்தில் வருஷம் முழுக்க இருக்கட்டும்.

இரண்டாவது வகுப்புக்குப் பிள்ளை பிடிக்கிற வீடியோவை எடுங்கள். 2018-ல் நாடு முழுக்கச் சுற்றிய கிளிப்பில், பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது கராச்சியில் ஒரு குழந்தைப் பாதுகாப்பு அமைப்பு எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அதே பைக் திரும்பி வரும், சிறுவனை இறக்கி விடுவார்கள், கராச்சியில் ஒரு குழந்தையைக் கடத்த ஒரு நொடி போதும் என்ற அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை வெட்டியவுடன் அது "நம்ம ஊர்க் கடத்தல்" ஆகிவிட்டது. வெட்டிய கிளிப்பில் இருப்பது அத்தனையும் நிஜக் காட்சிதான். உற்றுப் பார்த்தால் எதுவும் தெரியாது என்பதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

வீடியோவைத் தேடும் முறை: ஓடவிட்டு நான்கு இடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். முதல் காட்சி, கடைப் பலகை தெரியும் காட்சி, வண்டி நம்பர் அல்லது சீருடை தெரியும் காட்சி, கூட்டமில்லாத ஒரு காட்சி. மேலே ஒட்டியிருக்கும் எழுத்து, எமோஜி, கருப்புப் பட்டை எல்லாவற்றையும் கிராப் செய்து நீக்குங்கள். பிறகு படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள். எழுத்தை நீக்காவிட்டால் லென்ஸ் அதைப் படித்து, அதே வதந்தியைப் பகிர்ந்த மற்ற பக்கங்களைக் கொண்டுவந்து கொட்டும். பத்துப் பேர் சொல்கிறார்களே என்று பிள்ளை ஏமாந்துவிடும். ஒன்றும் வரவில்லை என்றால் படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டுத் தேடுங்கள். கிளிப்பைத் திருப்பிப் போட்டுப் பரப்புவது பழைய உத்தி. டின்ஐ என்ற படத் தேடல் தளத்தில் பழையது முதலில் என்று வரிசைப்படுத்த முடியும்.

வாகனப் பதிவெண்ணும் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த விஷயம். டிஎன் 23 வேலூர், டிஎன் 73 ராணிப்பேட்டை, டிஎன் 83 வாணியம்பாடி, டிஎன் 25 திருவண்ணாமலை. "ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் நடந்தது" என்று வரும் வீடியோவில் நிற்கும் அத்தனை வண்டியும் வேறு மாநிலப் பதிவு என்றால் நின்று யோசிக்கணும். ஆனால் ஒரே ஒரு வண்டியை வைத்து முடிவு கட்டக்கூடாது. பதிவெண் வண்டி எங்கே பதிவானது என்று சொல்லும், எங்கே ஓடுகிறது என்று சொல்லாது.

பிள்ளைகள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு, அதற்கு நேரம் ஒதுக்குங்கள். தேடலில் அதே காட்சி 2017-ல் பதிவேறியிருப்பது தெரிந்தால், அது நேற்று நடந்ததல்ல என்பது உறுதி. பழைய பதிவு கிடைக்கவில்லை என்றால் அது புதியது என்று உறுதியாகாது, கிடைக்கவில்லை, அவ்வளவுதான். இந்த வேறுபாடு பிடிபட ஒரு முழு வகுப்புகூட ஆகலாம்.

---

ஆற்காடு_நூலகம் எழுதியது:

மழை லீவு கார்டுக்கு நம்ம ஊர்லயே ஒரு நல்ல சோதனை இருக்குங்க. ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ரெண்டு மாவட்டமும் 2019 நவம்பர் 28-ல் தொடங்கின. அதுக்கு முந்தி அரக்கோணம், ஆற்காடு, ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் வேலூர் மாவட்டம். "வேலூர் மாவட்டத்தில் அரக்கோணம், ஆம்பூர் உள்ளிட்ட அனைத்துப் பள்ளிகளுக்கும் விடுமுறை" என்று நவம்பர் மழையில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தால் அது 2019-க்கு முந்தின கார்டாக இருக்கலாம், இல்லன்னா ஊர் தெரியாத யாரோ செய்ததா இருக்கலாம். இப்போதைய நிலவரத்தை ஒரு சின்ன வரைபடமா ஒட்டி வைங்க: குடியாத்தம், பேரணாம்பட்டு, காட்பாடி, அணைக்கட்டு, கே.வி.குப்பம் இதெல்லாம் வேலூரில் இருக்கு.

கார்டில் கிழமையும் தேதியும் பொருந்துதான்னு காலண்டரில் பார்க்கச் சொல்லுங்க. "நாளை விடுமுறை" என்று மட்டும் இருந்து தேதியே இல்லன்னா அந்தக் கார்டு எந்த வருஷத்துக்கும் பொருந்தும், அதனாலதான் வருஷா வருஷம் உயிரோட வருது. சேனல் கார்டா இருந்தா அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்தில் அதே நாள், அதே நேரத்துக் கார்டு இருக்கான்னு பார்க்கணும். லீவு உண்மையா இருந்தா மாவட்ட நிர்வாகத்தின் பக்கத்தில் இருக்கும், முதன்மைக் கல்வி அலுவலர் வழியா தலைமையாசிரியருக்கும் வந்திருக்கும்.

முகவரியையும் கடைசியிலிருந்து படிக்கப் பழக்குங்க. வேலூர் மாவட்ட இணையதளம் "வேலூர் டாட் நிக் டாட் இன்". அரசுத் தளங்கள் பெரும்பாலும் "டாட் கவ் டாட் இன்", "டாட் நிக் டாட் இன்" என்று முடியும். நடுவில் "கவ்" என்று போட்டுவிட்டு "டாட் காம்" என்று முடிந்தால் அது அரசுத் தளம் இல்லை.

ஒரு காலத்தில் உண்மையா இருந்து இப்போ பொய்யானதையும் ஒரு வகுப்பில் எடுங்க, அதை யாரும் சொல்லித் தருவதில்லை. வேலூர்க் கோட்டைக்குள் இருப்பது சாமி இல்லாத கோயில் என்ற பேச்சு இன்னமும் பதிவா வருது. அந்த ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981-ல் லிங்கம் மறுபடியும் பிரதிஷ்டை ஆயிடுச்சு. பிள்ளைகளே நேரில் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய விஷயம்.

---

காட்பாடி_இயற்பியல் எழுதியது:

பிள்ளைகள் "பேப்பரில் வந்தது, அரசாங்கமே சொல்லிச்சு" என்று நிறுத்திவிடுவார்கள். அதற்கு நம்ம பழைய வேலூர் மாவட்டத்திலேயே உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஒரு சம்பவம் இருக்கிறது. 2016 பிப்ரவரி 6, நாட்றம்பள்ளி அருகே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் வெடிச் சத்தம், தரையில் பள்ளம், பஸ் டிரைவர் ஒருவர் இறந்தார். விண்கல் விழுந்ததில் இறந்தார் என்று அப்போதைய முதல்வர் ஜெயலலிதா அறிக்கை விட்டார். விண்கல் தாக்கி இறந்த முதல் மனிதர் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் வரை தலைப்புப் போட்டன. சில நாளில் நாசா விஞ்ஞானிகள், வெளியான படங்களைப் பார்த்தால் அது தரையிலேயே நடந்த வெடிப்புக்குத்தான் அதிகம் பொருந்துகிறது என்றார்கள்.

இதை இரண்டு பீரியட் எடுக்கலாம். முதலில் பிள்ளைகளிடம், விண்கல் என்றால் என்னென்ன இருந்திருக்கணும் என்று எழுதச் சொல்லுங்கள். பிறகு இயற்பியல். சின்னக் கல் காற்றின் தடையில் வேகத்தை இழந்து, தரையைத் தொடும்போது மணிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகத்தில்தான் வரும். மேல்தோல் மட்டும் உருகிக் கருத்திருக்கும், உள்ளே சில்லென்றுதான் இருக்கும். அப்படிப்பட்ட கல் தரையில் வெடிக்காது. வெடிப்பு உண்டாக்கும் அளவுக்குப் பெரியது என்றால் வானத்தில் தீப்பிழம்பாகப் பல மாவட்டங்களுக்குத் தெரிந்திருக்கும். 2013 பிப்ரவரி 15-ல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேலே ஏறத்தாழ 20 மீட்டர் அகலக் கல் வெடித்தபோது எத்தனையோ கார் கேமராக்களில் பதிவானது. நாட்றம்பள்ளியில் அப்படி ஒளியைப் பார்த்தவர்கள் எத்தனை பேர், கருந்தோல் உள்ள கல் கிடைத்ததா என்று கேட்கிற இடத்துக்குப் பிள்ளை வந்துவிட்டால் போதும்.

நாசா சொன்னதிலும் ஒரு பாடம் உண்டு. அவர்கள் கல்லைச் சோதித்துச் சொல்லவில்லை, படத்தைப் பார்த்துச் சொன்னார்கள். "அதிகம் பொருந்துகிறது" என்றுதான் சொன்னார்கள். யார் எதைப் பார்த்து, எவ்வளவு உறுதியோடு சொன்னார் என்பதைப் பிள்ளைகள் தனித்தனியாக எழுதணும்.

---

குடியாத்தம்_சமூகஅறிவியல் எழுதியது:

ரொம்ப நன்றி சார், இதை அப்படியே எடுக்கலாம். ஒரே ஒரு பயம். முதல்வர் அறிக்கையே சந்தேகத்துக்குரியதுன்னு காட்டிட்டா, "அப்போ கலெக்டர் லீவு விட்டாருன்னா மட்டும் ஏன் மிஸ் நம்பணும்"னு ஒருத்தன் எழுந்து கேட்பான். எல்லாமே பொய்ன்னு நினைக்கிற பிள்ளையை உண்டாக்கிடக் கூடாதே.

---

காட்பாடி_இயற்பியல் எழுதியது:

கேட்கணும் மேடம், அந்தக் கேள்விக்காகவே அந்த வகுப்பு. லீவு என்பது கலெக்டர் சொல்வதாலேயே லீவு ஆகிறது. அங்கே அவர் வார்த்தைதான் ஆதாரம். அவர் சொன்னாரா என்பது மட்டுமே சரிபார்க்க வேண்டியது. பள்ளத்தில் கிடந்தது விண்கல்லா என்பதை யாருடைய உத்தரவும் தீர்மானிக்காது. அதற்குக் கல்லை ஆராய்ந்தவர்தான் வேணும். இந்த விஷயத்தில் முடிவு சொல்லத் தகுதியும் அதிகாரமும் யாருக்கு என்று கேட்கக் கற்றுக்கொண்ட பிள்ளை எல்லாவற்றையும் பொய் என்று சொல்லாது.

---

அளவீடு_வேலூர் எழுதியது:

மேடம் சொன்ன பயம் நியாயமானது, அதை அளந்தே கண்டுபிடிக்கலாம். நிறையப் பேர் பயிற்சித் தாளில் பத்தும் பொய்யாகவே கொடுப்பார்கள். எல்லாவற்றுக்கும் "பொய்" என்று டிக் அடித்த பிள்ளை பத்துக்குப் பத்து வாங்கும்; அது எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

பத்தில் 5 உண்மை, 5 பொய் வையுங்கள். உண்மையானவை நம்ப முடியாத மாதிரி இருக்கணும்: 1857-க்கு 51 வருஷம் முன்பே, 1806 ஜூலை 10-ல், வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள், பாலாறு உற்பத்தியாவது கர்நாடகத்தின் நந்தி மலையில். பொய்யானவை சாதாரணமாகத் தெரியணும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எவ்வளவு உறுதி என்று 1 முதல் 4 வரை குறிக்கச் சொல்லுங்கள். திருத்தும்போது ஒரே மதிப்பெண் போடாதீர்கள். பொய்யை நம்பியது எத்தனை, உண்மையைத் தள்ளியது எத்தனை என்று இரண்டு கட்டம். பயிற்சிக்குப் பிறகு முதல் கட்டம் 3-லிருந்து 1-க்கு இறங்கி, இரண்டாவது கட்டம் 1-லிருந்து 3-க்கு ஏறினால், உங்கள் வகுப்பு சந்தேகத்தை மட்டும்தான் வளர்த்திருக்கிறது. முன் தேர்விலும் பின் தேர்விலும் வேறு வேறு செய்திகள் வையுங்கள். ஒன்றே என்றால் ஞாபகத்தைத்தான் அளப்பீர்கள்.

எத்தனை வகுப்பு என்று கேட்டீர்கள். பீகாரில் 2019 தேர்தல் சமயத்தில் பெரியவர்களுக்கு வீடு தேடிப் போய் ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்துச் சோதித்தார்கள். மொத்தத்தில் குறிப்பிடும்படியான பலன் தெரியவில்லை. பிறகு அதே மாநிலத்தில் 583 கிராமங்களில் 13,500-க்கு மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளை வைத்து, பல வாரங்களுக்குப் பரவிய வகுப்புகளாக நடத்தினார்கள். பொய்யையும் உண்மையையும் பிரித்தறியும் திறன் கூடியது, மாதங்கள் கழித்தும் நின்றது, பெற்றோரிடமும் மாற்றம் தெரிந்தது. அதனால் ஒரே நாள் சிறப்பு முகாமாகப் போடாமல், வாரம் ஒரு பீரியட் வீதம் 8 முதல் 10 வாரம் வையுங்கள்.

நெட் இல்லாத நாளுக்கு: ஒரு செய்திக்கு ஓர் உறை. முதல் தாளில் வந்த செய்தி மட்டும். உறைக்குள் நான்கு அச்சுத் தாள்: தேடல் முடிவின் ஸ்கிரீன்ஷாட், மூல அறிக்கை, ஒரு பத்திரிகைச் செய்தி, சம்பந்தமில்லாத ஒன்று. நான்கு பேர் கொண்ட குழு எந்தத் தாளை முதலில் எடுக்கணும் என்று பேசி முடிவு செய்து, ஏன் என்று ஒரு வரி எழுதிய பிறகுதான் எடுக்கணும். அந்த ஒரு வரியைத்தான் நீங்கள் திருத்தணும்.

பொய்ச் செய்தி அச்சிட்ட ஒவ்வொரு தாளிலும், படத்தின் மேலேயே குறுக்காகப் பெரிய எழுத்தில் "பயிற்சித் தாள், பொய்" என்று போடுங்கள். ஓரத்தில் போட்டால் வெட்டிவிடுவார்கள். தாளை வீட்டில் யாராவது போட்டோ எடுத்து அனுப்பினால் வதந்தி உங்கள் பள்ளியிலிருந்தே கிளம்பும். "இது உண்மையா" என்று யோசிக்க வேண்டிய தாளில் இதைப் போட முடியாது என்பதால், அந்தத் தாள்களை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். வகுப்பு முடியும்போது பலகையில் நிற்க வேண்டியது சரியான தகவல். பொய்யைத் திரும்பத் திரும்பப் படித்தால், அது பொய் என்ற குறிப்பு மறந்து வாசகம் மட்டும் பழகிப்போய் உண்மை மாதிரித் தோன்றும்.

---

மருந்தாளுநர்_சத்துவாச்சாரி எழுதியது:

கேன்சர் மருந்துச் செய்தி பற்றி. "இமிடினெஃப் மெர்சிலெட், ரத்தப் புற்றுநோயைக் குணமாக்கும், அடையாறில் இலவசம்" என்பது வருஷக்கணக்காகச் சுத்துற வாசகம். இதில் பாதி நிஜம் இருப்பதால்தான் சாகமாட்டேங்குது. இமாடினிப் மெசிலேட் என்று மருந்து உண்டு, 2001-லிருந்து புழக்கத்தில் இருக்கு, நாள்பட்ட மைலாய்டு வகை ரத்தப் புற்றுநோய்க்கு ரொம்ப நல்ல மருந்து. எல்லா ரத்தப் புற்றுநோய்க்கும் ஆகாது, டாக்டர் சோதிக்காமல் யாரும் கையில் தரமாட்டாங்க. இலவசம் என்பதை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியே மறுத்திருக்கு.

பிள்ளைகளிடம் அந்த வாசகத்தை நாலு துண்டாக்கச் சொல்லுங்க: மருந்து பேர், எந்த நோய், என்ன பலன், எங்கே கிடைக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் தனியா சரி, தவறு போடணும். மொத்தமா பொய்ன்னு சொல்லிட்டா, அந்த மருந்து நிஜமாவே தேவைப்படுகிற வீட்டுக்கு நாம கெடுதல் செய்யறோம். செய்தியில் இருக்கும் போன் நம்பருக்குப் பேசிச் சரிபார்க்கவே கூடாது. வேலூர் சிஎம்சி ஆகட்டும், எந்த ஆஸ்பத்திரி ஆகட்டும், அவங்க சொந்த இணையதளத்தில் இருக்கும் நம்பரைத்தான் எடுக்கணும்.

---

சரிபார்ப்பு_மேசை எழுதியது:

இன்னும் இரண்டு விஷயம். 2018 மே 9-ல் போளூர் பக்கம் அத்திமூரில், கோயிலுக்கு வந்த 65 வயது அம்மாவைப் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று சந்தேகித்துக் கூட்டமாக அடித்துக் கொன்றார்கள். நம்ம பழைய வட ஆற்காட்டில் நடந்தது. 9-ஆம் வகுப்புக்கு அதைச் சொல்லத்தான் வேணும், ஆனால் தாக்குதல் வீடியோவைக் காட்டாதீர்கள், யார் பெயரும் வேண்டாம். சம்பந்தப்பட்ட குடும்பத்துப் பிள்ளை உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம். "அந்த வாரம் உன் போனுக்கு அந்தக் கிளிப் வந்திருந்தால் யாரிடம் கேட்டிருப்பாய்" என்று கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள். காவல் நிலையம், 1098 குழந்தை உதவி எண், பஞ்சாயத்துத் தலைவர் என்று பெயர் சொல்லி வரணும்.

வாட்ஸாப்பில் இரட்டை அம்புக்குறி இருந்தால், செய்தி குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது என்று அர்த்தம். பொய் என்று அர்த்தமல்ல. காப்பி செய்து ஒட்டினால் அந்தக் குறி போய்விடும், ஆகவே குறி இல்லாததை நம்பலாம் என்றும் சொல்ல முடியாது.

---

குடியாத்தம்_சமூகஅறிவியல் எழுதியது:

கடைசியா ஒண்ணு. பிள்ளை வீட்டுக்குப் போய்க் குடும்ப குரூப்பில் "இது பொய்"னு போட்டா, பெரியவங்களுக்குக் கோபம் வருது. அடுத்த நாள் பெற்றோர் பள்ளிக்கு வந்துடுவாங்க.

---

ஆற்காடு_நூலகம் எழுதியது:

குரூப்பில் எல்லார் முன்னாடியும் சொல்ல வேண்டாம்னு முதல் வகுப்பிலேயே சொல்லிடுங்க மேடம். தனியா, நேரில் சொல்லட்டும்: "பெரியப்பா, நீங்க அனுப்பின வீடியோவைத் தேடிப் பார்த்தேன், 2018-லயே வந்திருக்கு, இதோ பாருங்க." போனில் அந்தப் பழைய பதிவைத் திறந்து காட்டணும், "பொய்" என்ற வார்த்தையே வேண்டாம். தானே நீக்கிட்டு குரூப்பில் ஒரு வரி போடும் வாய்ப்பைப் பெரியப்பாவுக்கே விட்டுடணும். நாலாவது வாரத்தில் இதை ரெண்டு ரெண்டு பேரா வகுப்பில் நடிச்சுப் பார்க்கச் சொல்லுங்க. பெரியப்பா வேஷம் போடுற பிள்ளைதான் நல்லாக் கத்துக்கும். லீவு, அடிதடி, கடத்தல் மாதிரி உடனே தடுக்க வேண்டிய செய்தின்னா மட்டும் அன்னைக்கே அம்மாகிட்டயோ தலைமையாசிரியர்கிட்டயோ சொல்லி, அவங்க மூலமா குரூப்பில் போடச் சொல்லணும்.